ஆள்காட்டிக்கு எதுக்கு நிழல்

எனக்கு மரம் என்றாலே ஆகாது என்று எங்கள் காலனியில் ஒரு பேச்சு உண்டு. முகத்துக்கு நேரே யாரும் சொல்லமாட்டார்கள், என் வாய்க்குப் பயம். பேசிவிட்டுப் போகட்டும்.

எண்பதுகளின் கடைசியில் கோவிலம்பாக்கம் பக்கம் வீடு கட்டிக் குடிவந்தோம். வீட்டுக்குப் பின்னால் மேய்ச்சல் புறம்போக்கு. மாடுகள் மேய்ந்து மேய்ந்து கணுக்கால் உயரம்கூட இல்லாத புல், நடுநடுவே சரளை. "அங்க ஒண்ணியும் இல்லம்மா, சும்மா பொட்டல்" என்றார் மனை வாங்கிக் கொடுத்த தரகர். அந்தப் பொட்டலில்தான் கோடை வந்தால் மஞ்சள் மூக்கு ஆள்காட்டிப் பறவை ஜோடி ஒன்று முட்டையிடும். கூடெல்லாம் கிடையாது, வெறுந்தரைதான். தாம்பரத்தில் ரயிலைப் பிடித்து ஓடி, ஆபீசில் டைப் அடித்துவிட்டுத் திரும்பும் பிழைப்பு எனக்கு. கல்லூரியில் படித்த விலங்கியலில் மிச்சமிருந்தது இந்தப் பறவைகளை அடையாளம் தெரிந்தது மட்டும்தான்.

மேடவாக்கம் வரைக்கும் ஒவ்வொரு பொட்டலிலும் மனைக்கல் நட்டுக்கொண்டே வந்தார்கள். கடைசியில் அந்த ஜோடிக்கு எங்கள் பின்பக்கத்தை விட்டால் போக்கிடம் இல்லை.

அதையும் ஒருவன் வளைத்துப்போடப் பார்த்தான். தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்து தடுத்தவர் எங்கள் காலனிச் சங்கச் செயலாளர். தாம்பரம் மார்க்கெட்டில் இரும்புக்கடை வைத்திருந்த பாய், தங்கமான மனுஷன். எனக்கு அன்றைக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது.

அடுத்த கூட்டத்தில் அவரே எழுந்து, "காலியா விட்டா மறுபடி வருவான். மரம் வெச்சுட்டா எவனும் கிட்ட வரமுடியாது" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

நான் எழுந்தேன். "மரம் வேணாம் பாய். அந்தப் பறவைக்கு நாலாபக்கமும் தெரியணும், அப்பதான் தரையில உக்காரும். கொஞ்சம் உயரமா எது நின்னாலும் காக்கா வந்து உக்காந்து முட்டையைப் பார்த்துடும்."

"பறவைக்கு மரம் வேணாமா? இன்னாம்மா, பேஜாரா கீது உன்னோட!" என்றார் உள்ளூர்க்காரர் ஒருவர். கூட்டமே சிரித்தது. வீட்டில் கணவர், "ஊரே மரம் நடுது, உனக்கு மட்டும் என்ன வந்தது?" என்றார். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு போட்டதே பெரிசு.

சிரிக்காமல் என்னோடு முட்டையைப் பார்க்க வந்தவர் பாய் ஒருத்தர்தான். விரல் நீட்டிக் காட்டியும் அவர் கண்ணுக்குச் சரளைதான் தெரிந்தது. அப்புறம் பிடிபட்டதும் அப்படியே குந்திவிட்டார். "யா அல்லா, இப்படித் திறந்தாப்பல கிடக்குதே! நாய் மிதிச்சா என்னாவும்? கவலைப்படாதீங்கக்கா, நான் பாத்துக்கறேன்."

மறுநாள் ஆபீஸ் விட்டு வந்து பார்த்தேன். புல்வெளி முழுக்கப் பூவரசும் கொன்றையுமாகக் கன்றுகள். முட்டையைச் சுற்றி நாலு இரும்புக் கம்பம், கம்பிவலை. எல்லாம் அவர் கடைச் சரக்கு, அவர் கைக்காசு. நிழலுக்கு ஓரத்தில் ஒரு வேப்பங்கன்று வேறு. கம்பத்தின் உச்சியில் ஒரு காக்கா.

ஆள்காட்டி இரண்டும் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தின. வலையைப் பிய்த்து எறிந்தேன், கையெல்லாம் ரத்தம். கம்பத்தைச் சிமெண்ட் போட்டு ஊன்றியிருந்தார், அசையவில்லை. இருட்டும்வரை காக்கா விரட்டினேன். காலையில் போனால் வெறும் ஓடு.

பாய் ஓடிவந்தார். பிய்ந்த வலையையும் முட்டை ஓட்டையும் பார்த்து அவர் கண் கலங்கிவிட்டது. வளைத்துப்போட வந்தவனாக இருந்தால் நார் நாராகக் கிழித்திருப்பேன். இந்த மனுஷனை என்ன சொல்லித் திட்டுவது? பிய்ந்த வலையைச் சுருட்டி அவர் கையில் கொடுத்தேன்.

அடுத்த கோடையில் அந்த ஜோடி வந்தது. கன்றுகளுக்கு நடுவே கொஞ்சம் நடந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. அதன் பிறகு வரவேயில்லை.

பாய் மட்டும் ஒவ்வொரு கோடையிலும் மறக்காமல் கேட்பார். "அக்கா, உங்க குருவி வந்துச்சா?"

"இல்ல பாய்."

"மரமெல்லாம் இன்னும் கொஞ்சம் பெரிசாகட்டும்கா. வந்துடும்."