திருப்பிச் சொல்லிப் பழகிய அம்மா

எங்கள் அம்மா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிற இந்நாளில், படையலுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மகளின் வணக்கம். இத்தகைய நினைவு மலர்களில் பொறுமையின் சிகரம், அதிர்ந்து பேசாதவர் என்றெல்லாம் எழுதுவது வழக்கம். அம்மாவைப் பற்றி நான் அப்படி எழுதினால், புக்கிட் காத்தில் வட்டாரத்து முதியோர் இல்லத்தில் அவரோடு வேலை செய்தவர்கள் இங்கேயே சிரித்துவிடுவார்கள். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அம்மா நியாலாஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில், ஆறு பிள்ளைகளில் நான்காவதாகப் பிறந்தார். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தார். பிறகு பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கப் போனார். அங்கே அவர் கற்ற முதல் பாடம், வேலை வாங்கும் கிராணி எது சொன்னாலும் "சரிங்கய்யா" என்பது. புரிந்ததா இல்லையா என்பது வேறு விஷயம். திரும்பக் கேட்டால் வாய் காட்டுகிறாள் என்பார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று ஊரெல்லாம் சொல்வதுண்டு. தோட்டத்தில் வாயில்லாத பிள்ளைதான் பிழைத்தது.

தோட்டம் கைமாறியதும் அப்பாவும் அம்மாவும் குருபோங்கில் குடியேறினார்கள். நான் பள்ளியில் படிவம் மூன்றில் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா மாரடைப்பில் தவறினார். தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிய அம்மாவுக்கு இடுப்புவலி வந்து, அந்த வேலையும் அடுத்த ஆண்டே நின்றது. அப்போதுதான் முதியோர் பராமரிப்புப் பயிற்சியில் சேர்ந்தார். ஆறு மாதப் படிப்பு. தேறினால் வேலை உண்டு. தேறாவிட்டால் என் தம்பியைச் சிரம்பானில் மாமா வீட்டில் விடுவதென்று பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள். தம்பிக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்.

வகுப்பில் மற்ற எல்லாருக்கும் இருபது வயதுதான். நாற்பத்து மூன்று வயது அம்மாவை "ஆண்ட்டி" என்றார்கள். பாடம் மலாயில், மருத்துவச் சொற்கள் ஆங்கிலத்தில். அம்மாவின் மலாய் பாசாரில் மீன் விலை பேசப் போதும். நோயாளியைப் பற்றி அறிக்கை எழுத எப்படிப் போதும்?

செய்முறைப் பயிற்சி தொடங்கிய வாரத்தில் அது நடந்தது. பயிற்றுநர் ஒரு மலாய்த் தாதி. எங்கள் வழக்கப்படி மிஸ்ஸி என்றே அழைப்போம். அம்மாவைவிடப் பத்து வயது இளையவர். ஒரு சீனத் தாத்தாவுக்கு மறுநாள் காலை இரத்தப் பரிசோதனை, அதுவரை தண்ணீர் தவிர எதுவும் கொடுக்கக் கூடாது என்று மலாயும் ஆங்கிலமும் கலந்து வேகமாகச் சொல்லிவிட்டு, "ஃபஹாம், காக்?" என்று கேட்டார். புரிந்ததா அக்கா என்கிறார். பாதிகூடப் புரியாத அம்மா, பழக்கத்தில் "ஃபஹாம், மிஸ்ஸி" என்றார். விடிந்ததும் தாத்தா கோப்பி கேட்டார். அம்மா கலக்கிக் கொடுத்துவிட்டார், கூடவே இரண்டு ரொட்டியும்.

தாத்தாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பரிசோதனைதான் தள்ளிப்போனது. ஆனால் இன்னொரு தடவை இப்படி நடந்தால் தேர்வு எழுத முடியாது என்று மிஸ்ஸி சொல்லிவிட்டார். புரியாததைப் புரிந்தது என்று ஏன் சொன்னீர்கள் என்றும் கேட்டார். தோட்டத்தில் திரும்பக் கேட்டால் ஏசுவார்கள் என்று அம்மா உடைந்த மலாயில் விளக்கினார். "இங்கே கேட்காவிட்டால்தான் ஏசுவேன்" என்றாராம் மிஸ்ஸி.

அன்று மாலை அம்மா நோட்டுப் புத்தகத்தோடு என்னிடம் வந்தார். ஒரே வரிக்கு மூன்று தடவை பொருள் கேட்டார். எனக்கு மறுநாள் பரீட்சை.

"எத்தன தடவம்மா சொல்றது? புரியலன்னா விட்டுடுங்க!"

அம்மா நோட்டை மூடினார். அதன் பிறகு பாடத்தில் ஒரு சந்தேகமும் என்னிடம் கேட்கவில்லை. பஸ்ஸில் அந்த இருபது வயதுப் பிள்ளைகளிடம் கேட்டார். மிஸ்ஸியிடமே கேட்டார். யார் எதைச் சொன்னாலும், "இருங்க, நான் திருப்பிச் சொல்றேன், சரியான்னு பாருங்க" என்று தமக்குத் தெரிந்த மலாயில் சொல்லிக் காட்டினார். செய்முறைத் தேர்விலும் அப்படியே செய்து தேறினார். தம்பி எங்களோடே இருந்தான். சான்றிதழ் வந்த அன்று, அதைப் படித்துச் சொல்லென்று என்னிடம் கொடுக்கவில்லை. தாமே எழுத்துக் கூட்டிப் படித்தார். அதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

பதினொரு ஆண்டுகள் புக்கிட் காத்தில் இல்லத்தில் வேலை பார்த்தார். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவர் பொல்லாதவர். "சும்மா தலய ஆட்டாத லா. நான் என்னா சொன்னேன், திருப்பிச் சொல்லு!" இந்தோனேசியாவிலிருந்து வந்த பெண்ணாக இருந்தாலும் ஜாசின் தோட்டத்துப் பெண்ணாக இருந்தாலும் இதே பாட்டுத்தான். சரியாகச் சொல்லிவிட்டால் "ம், போ" என்பார். அதுதான் அவருடைய பாராட்டு.

சென்ற ஆண்டு வயிற்றில் கட்டி என்றார்கள். கடைசி முறை மருத்துவமனையில் சேர்த்திருந்தபோது, டாக்டர் கட்டில் அருகில் நின்று ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ சொன்னார். நான் தலையாட்டி, "ஓகே டாக்டர்" என்றேன். பட்டம் வாங்கியவள் நான்.

அவர் போனதும் அம்மா கண்ணைத் திறந்தார்.

"புரிஞ்சிச்சா?"

"புரிஞ்சிச்சும்மா."

"அப்ப என்னா சொன்னாருன்னு சொல்லு."

புரிந்துகொள்ள எனக்குத் தைரியமில்லை என்பதுதான் உண்மை.

"போய்த் திரும்பக் கேளு. கேக்கறதுல என்னா வெக்கம்?"

நடைபாதையில் டாக்டரைப் பிடித்துக் கேட்டேன். அவர் நின்று நிதானமாகச் சொன்னார். திரும்பி வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இனிமே மருந்து கேக்காதாம்மா. ஒரு வாரந்தானாம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாமாம்."

அம்மா என் முகத்தையே பார்த்தார். "ம்" என்றார். பிறகு, "வா, போவோம்" என்றார்.

ஐந்து நாள் எங்களோடு வீட்டில் இருந்தார். குருபோங்கில் அவர் வாங்கிய சிறு வீட்டில், தம்பி மடியில் தலை வைத்தபடி உயிர் பிரிந்தது.

அந்த ஐந்து நாளும் முறை வைத்து வந்து அம்மாவைக் குளிப்பாட்டிய இல்லத்துத் தோழியருக்கும், செய்தி கேட்டு ஓடிவந்து கட்டிலருகில் அழுத மிஸ்ஸிக்கும், சமைத்துக் கொடுத்த அண்டை வீட்டாருக்கும், ஈமச் சடங்குகளை முன்னின்று நடத்திய மாமாவுக்கும், கோயில் அன்பர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. எவரையேனும் விட்டிருந்தால் என்னிடமே கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

அம்மாவின் அந்த நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. அன்று அவர் மூன்று தடவை கேட்ட வரிக்கு அடியில், பொருள் எழுத அவர் விட்ட ஒரு வரி இடம் இன்னும் வெறுமையாக இருக்கிறது.

இன்னொரு தடவை கேளுங்கம்மா. சொல்றேன்.