மூன்று இரண்டுகள்

சுனாமிக்கு அடுத்த வருடம் மட்டக்களப்பில் ஒரு நிவாரண அலுவலகத்தில் எனக்கு வேலை. வெளியே போன வாகனங்கள் மணிக்கொரு தடவை ரேடியோவில் பேசும். எங்கே நிற்கின்றன என்று குறித்துக்கொள்ள வேண்டும். அந்த அறையில் நானும் ஒரு சாரதி அண்ணனும்தான். சனி, ஞாயிறு ஒருவருக்கே லீவு.

அந்த வெள்ளிக்கிழமை என் கணவர் கட்டாரிலிருந்து வருகிறார், இரண்டு வருடம் கழித்து. பார்த்தால், அண்ணனும் லீவு கேட்டிருந்தார். உங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்று மேலாளர் கைகழுவிவிட்டார். எனக்கு மூக்கு நுனியில் கோபம். கடல் மனைவியைக் கொண்டுபோன நாளிலிருந்து லீவே எடுக்காத மனுசன், இப்போது மட்டும் என்ன அவசரம் என்று மனசுக்குள் திட்டினேன்.

“அப்ப விளையாடுவம் புள்ள. வெல்லுற ஆள் போகட்டும்,” என்றார்.

போக்கர்தான். எங்களோடு வேலை செய்த வெள்ளைக்கார எஞ்சினியர் கற்றுத்தந்துவிட்டுப் போனது. ஆளுக்குக் கையில் இரண்டு சீட்டு, நடுவில் விரிப்பது இருவருக்கும் பொது. பணயம் புளியங்கொட்டை, கொட்டை தீர்ந்தவர் தோற்றவர். மதியச் சோற்றுக்குப் பிறகு உட்கார்ந்தோம்.

கொஞ்ச நேரம் இழுபறி. பிறகு என் கையில் இரண்டு ‘இரண்டு’ வந்தது. நாங்கள் பிறந்ததிலிருந்து ஆடும் முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டத்தில் இரண்டு முதல் ஆறு வரை சீட்டுக்கட்டிலேயே சேர்ப்பதில்லை. சீ என்று போய்விட்டது. நடுவில் பொதுவான மூன்று சீட்டை அண்ணன் விரித்தார்: ஆட்டின் என்கிற சிவப்பு இதயத்தில் ஜாக், ஒன்பது, கூடவே கறுப்பில் ஒரு இரண்டு. எனக்கு மூன்று இரண்டு!

ஆனால் அது பொல்லாத விரிப்பு. வர இருந்தது இன்னும் இரண்டு சீட்டு. ஒரு ஆட்டின் விழுந்தால் அவருக்கு ஐந்தும் ஒரே இனமாகலாம், பத்து விழுந்தால் வரிசை சேரலாம். எதுவானாலும் என் இரண்டுகள் அம்போ. இப்படியான இடத்தில் மூன்று ஒரேமாதிரிச் சின்னச் சீட்டை ஒளித்துவைத்துக் காத்திராதே, உடனே அடி என்பார் எஞ்சினியர். காத்திருக்கிற பொறுமை எனக்கு எப்போது இருந்தது? கொட்டை முழுவதையும் தள்ளினேன்.

“என்னட்ட வேலை காட்டாத புள்ள,” என்று அண்ணனும் முழுவதையும் தள்ளினார்.

அடுத்து விழுந்தது ஆட்டின் பத்து. நான் பயந்த இரண்டும் ஒரே சீட்டில். கடைசியாக ஒரு நாலு. அண்ணன் தன் சீட்டை மேசையில் அடித்தார்: ஒரு ஜாக், ஒரு ஒன்பது. முந்நூற்றிநாலில் ஜாக்தான் ராசா, ஒன்பது மந்திரி. அந்த இரண்டையும் கண்ட பிறகு எங்கள் ஊர் ஆள் எவனும் கீழே வைக்கமாட்டான். ஆனால் போக்கரில் அது வெறும் இரண்டு சோடி, மூன்று இரண்டுக்குக் கீழேதான். நான் என்னுடையதைத் திருப்பினேன்.

“ரெண்டா? ரெண்டையெல்லாம் ஆரும் கையில வச்சிருப்பாங்களா?”

துள்ளாத குறைதான் எனக்கு. அவர் எழுந்து முருங்கை மரத்தடிக்குப் போய் போனில் பேசினார். ஜன்னல் திறந்திருந்தது.

“அக்கா, சனிக்கிழமை வரேலாது. கிரானில பொம்பிள வீட்டாரிட்டச் சொல்லிருங்க. அவங்களுக்குச் சரிவராட்டி விடுங்க.”

அவர் லீவு கேட்டது பெண் பார்க்கப் போக. ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. வென்றது நான், ஏன் கொடுக்க வேண்டும்? வெள்ளிக்கிழமை கணவர் வந்து சேர்ந்தார். சனிக்கிழமை காலை புட்டுக்கு முன்னால் உட்கார்ந்தேன், ஒரு வாய்கூட வைக்கவில்லை. கணவரிடம் கொட்டித் தீர்த்தேன்.

“பிறகென்னத்துக்கு முழிச்சிக்கிட்டு இரிக்கிற? வெளிக்கிடு,” என்றார்.

சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். “ஓடுங்க அண்ணன், அக்காக்குப் போன் எடுத்துட்டு நல்ல சேட்டொண்டு போட்டுட்டுப் போங்க,” என்று நான் சத்தம் போட்டபோது அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று முழுக்க ரேடியோவின் கரகரப்புக்கு நடுவே கணவர் இரண்டு வருடக் கதையையும் சொன்னார். பக்கத்திலேயே இருந்தார். அதைவிட எனக்கு என்ன வேண்டும்.

நாலு மணிக்கு அண்ணன் திரும்பி வந்தார். என்ன நடந்தது என்று கேட்டோம்.

“அந்தப் பொம்பிள என்ட பொஞ்சாதிட பேர் என்ன எண்டு கேட்டவ, புள்ள. இந்த ஒரு வருசத்தில ஆரும் கேக்கல்ல.”

நானும் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன், சொன்னார்.