மூன்று முறை கூப்பிட்டார்கள்

சாமியாத்தாளுக்கு முறைக்காமல் பேசத் தெரியாது. கார்மெண்ட்ஸில் அவள் செக்கிங் மேசையில் உட்கார்ந்திருந்தால் சூப்பர்வைசர் அந்தப் பக்கமே தலைகாட்டமாட்டார். குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை ஓரமாக நகர்த்திக்கொள்வார்கள். மைசூரில் ஒண்டிக்கட்டையாகக் குடியிருந்து பிழைக்கிற பொம்பளைக்கு வாய் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவள் முடிவுகட்டிப் பதினாறு வருடமாகிறது. இப்போது வயது முப்பத்தெட்டு. அந்த வாயோடுதான் அன்று காலை குடும்ப நீதிமன்றத்தின் நகல் பிரிவு ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றாள்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எழுத்தர் சென்னம்மாவும் லேசுப்பட்டவர் இல்லை.

"கேஸ் நம்பர்?"

"தெரியாதுங்க."

"வருஷம்?"

"மலை ஜாத்திரை முடிஞ்சு ரெண்டு மாசம் கழிச்சுப் போட்டமுங்க."

சென்னம்மா பேனாவை மூடி வைத்தார். பேச்செல்லாம் கன்னடத்தில்தான் நடந்தது. ஆனால் சாமியாத்தாளின் கன்னடத்தில் அவள் ஊரான கௌதள்ளித் தமிழின் வாடை அடித்தது. "மாதேஸ்வரன் மலையில வருஷா வருஷம் ஜாத்திரை நடக்குது. நீ எந்த ஜாத்திரையச் சொல்ற?"

"ரெண்டாயிரத்தி எட்டு, இல்லீனா ஒம்போது. பேரச் சொன்னாக் கம்ப்யூட்டர்ல வராதுங்களா? ரேசன் கடையில வருதே."

"அப்ப ரேசன் கடைக்கே போ."

பின்னால் நின்ற ஒருவர் சிரித்தார். சாமியாத்தாள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவர் கையிலிருந்த காகிதத்தை மும்முரமாகப் படிக்க ஆரம்பித்தார்.

"நம்பர் தெரியலீன்னா தேடித் தரச் சொல்லி மனு எழுதிக் குடு," என்றார் சென்னம்மா. "உன் பேரு, எதிராளி பேரு, வக்கீல் பேரு, உத்தேசமா எந்த வருஷம், எல்லாம் எழுது. ஆதார் நகல் வை. கேஸ்ல இருக்கிற ஆளு நீதான்னு தெரியணும். புருஷன் பொண்டாட்டி சமாச்சாரம் எழுதின காகிதத்தைக் கண்டவங்க கையில எல்லாம் குடுக்க முடியாது."

"கண்டவளா நானு? என்ற தாலி அறுத்த கதைங்க அது."

"அதத்தான் மனுவுல எழுதுன்னு சொல்றேன். அடுத்தது யாரு?"

இத்தனைக்கும் காரணம் காளியப்பன். மண்டி மொஹல்லாவில் ஒரு வெங்காய மண்டியில் எடை போடுகிறவர், மனைவியை இழந்து நாலு வருடமானவர். மைசூரிலேயே சாமியாத்தாளோடு சண்டை வராத ஒரே ஆள் அவர்தான். இந்த மனுசன் ஏன் எதற்கும் கோபப்படுவதில்லை என்று ஆரம்பத்தில் அவளுக்குச் சந்தேகமாகவே இருந்தது. பிறகு பிடித்துப்போயிற்று. கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம் என்று முடிவாகி, பதிவு அலுவலகத்தில் போய்ப் படிவம் வாங்கினார்கள். 'விவாகரத்தானவர்' என்ற இடத்தில் அவள் அழுத்தமாக ஒரு டிக் அடித்தாள். ரேசன் அட்டையிலிருந்து கம்பெனி படிவம் வரைக்கும் பதினாறு வருடமாக அடித்து வருகிற டிக்தான். அங்கிருந்தவர், தீர்ப்பு நகல் எங்கே என்று கேட்டார்.

"காயிதம் கெடைக்கலீன்னா உட்டுடு புள்ள," என்றார் காளியப்பன். "கோயல்ல வெச்சு ஒரு மஞ்சக்கயிறு கட்டிக்கலாம்."

"கயிறு கட்டுனதையும் பாத்துட்டேன், கழட்டுனதையும் பாத்துட்டேன். எனக்குக் காயிதம் வேணும். நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, உங்க தம்பிமாரு என்னைய வாசப்படியில நிறுத்தி நீ யாருன்னு கேப்பாங்க. நான் என்னத்தக் காட்டறது?"

காளியப்பனுக்குத் தன் தம்பிகளைத் தெரியும்.

அவள் பத்தொன்பது வயதில் ஜடையனுக்கு வாழ்க்கைப்பட்டு மைசூருக்கு வந்தவள். அவன் கட்டடங்களில் சென்ட்ரிங் வேலை செய்தான். பகலெல்லாம் பலகை அடித்தான், வீட்டுக்கு வந்து அவளை அடித்தான். மூன்று வருடம் பொறுத்தாள். நாலாவது வருடம் விலா எலும்பு விரிசல் விட்டதும் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி வக்கீலிடம் கூட்டிப்போனாள். வழக்குப் போட்டது சாமியாத்தாள்தான். ஆறு வாய்தாவுக்குத் தவறாமல் போய் நின்றாள். ஜடையன் இரண்டுக்கு வந்தான், வந்த இரண்டு முறையும் வராந்தாவிலேயே அவளைக் கேவலமாகத் திட்டினான்.

அதற்குள் கௌதள்ளியில் பெரியவர்களுக்கு மானம் போய்விட்டது. ஊர்க்கூட்டம் இருக்கும்போது ஒரு பெண்பிள்ளை கோர்ட்டுப் படி ஏறலாமா? கூட்டம் வைத்தார்கள். அந்தப் பக்கத்து வழக்கப்படி இரண்டு பேரும் சபைக்கு நடுவில் ஆளுக்கொரு துரும்பைக் கிள்ளிப் போட்டார்கள். அவள் தாலியைக் கழற்றி வெற்றிலைமேல் வைத்தாள். துரும்பு கிள்ளிவிட்டால் தீர்ந்தது, அதற்கு அப்புறம் அவன் யாரோ அவள் யாரோ. முத்திரைத் தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். அவளுடைய அப்பா தொட்டையன் அந்தத் தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "வக்கீலு கையில குடுத்தரேன், கோர்ட்டுல சீலு குத்தி உள்ள வெச்சுக்குவாங்க," என்றார். குடுத்தாயிற்று என்றும் பிறகு சொன்னார். அவள் நம்பினாள். தொட்டையனும் போய்ச்சேர்ந்தார், அந்த வக்கீலும் போய்ச்சேர்ந்தார்.

ஆக, வழக்கு நம்பர் தெரிந்திருக்கக்கூடிய ஆள் உலகத்தில் ஒருவன்தான் மிச்சம். கோர்ட்டு நோட்டீஸ் அவனுக்கு வந்திருக்கும். சாமியாத்தாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஹனூருக்குப் போன் போட்டாள். ஜடையன் அங்கே தேவம்மா என்றொருத்தியைக் கட்டி, இரண்டு பிள்ளைகள் பெற்று, சின்ன மேஸ்திரியாக வளர்ந்திருந்தான்.

"நம்பரா? அந்த நோட்டீசை அன்னைக்கே அடுப்புல வெச்சுட்டேன்," என்றான். "எதுக்கு இப்பொ?"

அவள் சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாது.

"இந்த வயசுல உனக்குக் கல்யாணம் கேக்குதா? போயித் தேடு, நல்லாத் தேடு. எனக்கென்ன, நான் குடியும் குடித்தனமுமா இருக்கறேன்." சிரித்துக்கொண்டே போனை வைத்தான். அந்தச் சிரிப்பு சாமியாத்தாளின் காதுக்குள் இரண்டு நாள் இருந்தது.

மனு எழுதிக் கொடுத்தாள். பழைய பதிவேட்டில் பெயர்ப் பெயராகப் பார்க்க வேண்டும், பத்து நாள் கழித்து வா என்றார் சென்னம்மா. ஏழாம் நாளே போய் நின்று திட்டு வாங்கினாள், பதிலுக்குக் கொடுத்தாள். பத்தாம் நாள் சென்னம்மா தலையைத் தூக்காமலேயே ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். வழக்கு நம்பர் கிடைத்துவிட்டது. அந்த நம்பரை வைத்து நகலுக்குத் தனியாக இன்னொரு மனு, ஸ்டாம்பு, இன்னும் ஒரு வாரம். இதற்குள் அவள் போட்ட அரைநாள் லீவுகளுக்கு சூப்பர்வைசர் பழைய பாக்கியெல்லாம் சேர்த்து முறைத்தார்.

நகல் கையில் வந்தபோது ஒரே ஒரு தாள் இருந்தது. பின்னால் திருப்பிப் பார்த்தாள், ஒன்றுமில்லை. இங்கிலீஷில் நாலைந்து வரி, கீழே சீல்.

"இவ்வளவுதானுங்களா? மூணு வருசம் அடி வாங்கினேன், நாலு வரியில முடிச்சுட்டாங்களா?"

சென்னம்மா தாளை வாங்கிப் படித்தார். முதல் தடவையாக அவர் முகத்திலிருந்த கடுகடுப்பு கொஞ்சம் இறங்கியது. அதுதான் சாமியாத்தாளைப் பயமுறுத்தியது.

"இது விவாகரத்து இல்லம்மா. உன் கேஸைத் தள்ளுபடி பண்ணியிருக்காங்க. மனுதாரரை மூணு முறை கூப்பிட்டாங்க, வரல. வக்கீலும் வரல. அதனால தள்ளுபடி. அப்புறம் மறுபடி விசாரிக்கச் சொல்லி யாரும் மனு போடல."

"மனுதாரர்னா?"

"நீதான்."

அவள் தேதியைக் கேட்டாள். சென்னம்மா படித்துச் சொன்னார். அந்தத் தேதி மறக்கக்கூடியதா? அதுதான் துரும்பு கிள்ளிய நாள். வாய்தாவும் கூட்டமும் ஒரே நாளில் வந்தது அன்றைக்கே அவளுக்குத் தெரியும். அப்பாவிடம் கேட்கவும் கேட்டாள். "கூட்டத்துலயே தீந்துபோறப்ப கோர்ட்டுல போயி நின்னு என்னத்த வாங்கறது?" என்றார். அவளும் சரி என்று தலையாட்டிவிட்டு ஊருக்குப் பஸ் ஏறினாள். இங்கே இதே வராந்தாவில் ஒரு ஆள் நின்று சாமியாத்தாள், சாமியாத்தாள், சாமியாத்தாள் என்று கூப்பிட்டிருக்கிறான். அவள் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் வெற்றிலையில் தாலியை வைத்துக்கொண்டிருந்தாள்.

வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அப்பாவைத் திட்டினாள். கூட்டத்தில் மீசை முறுக்கிய அத்தனை பெரியவர்களையும் பெயர் சொல்லித் திட்டினாள். கடைசியில் திட்டுவதற்கு ஆள் இல்லாமல் போய், தன்னையே திட்டிக்கொண்டாள். அப்போதுதான் அழுகை வந்தது. ஊரெல்லாம் வாய் பேசினவள், பேச வேண்டிய ஒரே நாளில் வாயை மூடிக்கொண்டு போய்விட்டாள். பதினாறு வருடமாக அவள் அடித்த அத்தனை டிக்கும் பொய். சட்டத்தின் கண்ணுக்கு அவள் இன்னமும் ஜடையன் பொண்டாட்டிதான்.

அழுகை அடங்கியதும் இன்னொன்று உறைத்தது. அவள் அவன் பொண்டாட்டி என்றால், தேவம்மா யார்?

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பூங்குழலி என்ற பெண் வக்கீலைப் பிடித்து விவரம் கேட்டுக்கொண்டாள். பிறகு ஹனூருக்குப் போன் போட்டாள். இந்த முறை ஜடையன் சிரிக்கவில்லை. மறுநாளே மைசூருக்குப் பஸ் ஏறி வந்தான்.

நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் நின்றார்கள். தொப்பை போட்டிருந்தான். முன்னெல்லாம் அவனை மாமா என்றுதான் அவள் கூப்பிடுவாள்.

"அந்தக் காயிதத்தக் குடு," என்றான். "கிழிச்சுப் போட்டுட்டாத் தீந்துச்சு. உனக்கும் எனக்கும் தவிர எவனுக்குத் தெரியும்?"

"கிழிச்சுக்கோ. இது நகலு. அசலு உள்ள இருக்குது, போயிக் கிழி பாக்கலாம்."

"ஏன்டி, துரும்பு கிள்ளுனமா இல்லியா? நூறு பேரு பாத்தாங்க."

"அந்த நூறு பேத்தையும் கூட்டியாந்து உள்ள சொல்லச் சொல்லு. நான் உசுரோட இருக்கறப்ப நீ இன்னொருத்திக்குத் தாலி கட்டியிருக்கற. வக்கீலம்மாகிட்டக் கேட்டேன். நான் ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும், உன்ற குடியும் குடித்தனமும் ஸ்டேசன் வாசல்ல நிக்கும்."

ஜடையன் கையை ஓங்கினான். பழக்கதோஷம். சாமியாத்தாள் நகரவில்லை, டீ கிளாஸையும் கீழே வைக்கவில்லை.

"அடி," என்றாள். "இந்தத் தடவ விலா எலும்பு உடஞ்சா மொத வாய்தாவுல இருந்து கடைசி வாய்தா வரைக்கும் நான் வருவேன்."

கை தானாக இறங்கியது. டீக்கடைக்காரர் வேறு பக்கம் பார்த்தார். ஜடையனின் குரல் மாறியது.

"தேவம்மாவுக்குத் தெரிய வேண்டாம். என்ன பண்ணோணும், சொல்லு."

தேவம்மாவை நினைத்தபோது சாமியாத்தாளுக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. அவளும் எத்தனை அடி வாங்குகிறாளோ. ஆனால் அதை ஜடையனிடம் காட்டிக்கொள்ள அவளுக்கு விருப்பமில்லை.

"ரெண்டு பேரும் சேந்து பிரிஞ்சுக்கறம்னு புதுசா மனுப் போடோணும். ஆறு மாசம் ஆகும். கூப்பிடற ஒவ்வொரு தேதிக்கும் நீ வந்து நிக்கோணும். வேலை இருக்குது, பஸ் இல்லீன்னு ஒரு பேச்சு வந்துது, அப்பறம் நான் தனியாப் போற எடம் வேற. முடிஞ்சதும் போயி அவளுக்கு மறுக்கா ஒழுங்காத் தாலி கட்டிக்கோ."

அவன் வந்தான். ஒவ்வொரு தேதிக்கும் விடியற்காலை பஸ் பிடித்து, சவரம்கூடச் செய்யாமல் வந்து, சுவரோரமாக நின்றான். அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை, அவளும் பேசவில்லை. காளியப்பன் மண்டியில் லீவு சொல்லிவிட்டு வந்து வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். உள்ளே வரட்டுமா என்று ஒரு முறை கேட்டார். இது நான் ஒருத்தி நின்று முடிக்க வேண்டியது என்று சொல்லிவிட்டாள்.

கடைசித் தேதியன்று வராந்தாவில் நல்ல கூட்டம். கோர்ட்டு ஆரம்பிக்கும் முன்பே வந்து, கதவுக்கு நேர் எதிரே இடம் பிடித்து நின்றாள். பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. பதினோரு மணி சுமாருக்குச் சேவகர் வெளியே வந்து, தாளைப் பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "சாமியாத்தாள்," என்று ஒரு முறை கூப்பிட்டார்.

"இருக்கறேனுங்க."

அந்தச் சத்தத்தில் வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நகல் பிரிவு ஜன்னலில் சென்னம்மாகூடத் தலையை நீட்டினார். சேவகர் காதைத் தேய்த்துக்கொண்டார்.

"எதுக்கும்மா இப்படிக் கத்தற? எதிரேதான நிக்கற, எனக்குக் கேக்காதா?"

"உங்களுக்குக் கேக்குமுங்க," என்றாள் சாமியாத்தாள். "போன தடவ எனக்குத்தான் கேக்கல."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.