செங்கீரைச் சாறும் வெள்ளைப் பட்டும்

எங்கள் தமக்கையார் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உற்றார் உறவினர்க்கும், தெருவார்க்கும், நண்பர்க்கும் எம் குடும்பத்தாரின் வணக்கம். அவரைப் பற்றி எழுத அமரும்போதெல்லாம் எனக்கு முதலில் நாவில் நீர் ஊறுகிறது. கண்ணில் நீர் அதற்குப் பின்னரே வருகிறது. அவர் கையால் பறித்துக் கொடுத்த காய்களை உண்டவர்கள் இதை மிகை என்று கருதமாட்டார்கள்.

பெரணமல்லூரை அடுத்த சிற்றூரில், உடன்பிறந்தார் ஐவருள் மூத்தவராக அவர் பிறந்தார். கடைசியாகப் பிறந்தவன் நான். தந்தையார் இளம் அகவையிலேயே மறைந்தமையால், களையெடுப்பும் நாற்று நடவும் விளையாட வேண்டிய பருவத்திலேயே அவர் கைக்கு வந்துவிட்டன. அவ்வுழைப்பை அவர் ஒருநாளும் துன்பமாகச் சொல்லிக் கேட்டதில்லை. "மண்ணுல கை வெச்சா பசி தெரியாது" என்பார். பசி மிக இருந்த காலம் அது என்பது எங்களுக்குப் பின்னரே விளங்கிற்று.

ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் தோய்க்கும் குடும்பத்தில் அவருக்குத் திருமணம் நிகழ்ந்தது. அவர்தம் கணவரை நாங்கள் மாமா என்போம். ஊரார் சாயக்காரர் என்பர். முன்புறம் சாயப் பட்டறை, நடுவில் வீடு, பின்புறம் கிணற்றோடு கூடிய பெரிய மனை. ஆனால் அம்மனையில் எருக்கஞ்செடிகூட முளைத்ததில்லை. மாமாவின் தந்தையார் காலந்தொட்டுச் சாயக் கழிவுநீர் முழுவதும் அங்கேதான் கொட்டப்பட்டு வந்தது. மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்தினால் மண் ஊதாவாக வரும்; இன்னும் ஆழம் போனால் பச்சையாக வரும்.

"இங்க புல்லு கூட மொளைக்காது. நீ இன்னா பண்ணப் போற?" என்று மாமா சிரித்தாராம்.

"தண்ணிய நீங்க அந்தப் பக்கம் வுடுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்" என்று புது மணப்பெண் விடையளித்தாராம்.

மேற்குச் சுவரோரம் கல்பாவிய கால்வாய் ஒன்று அமைந்தது. சாயநீர் அதன் வழியே தெருச் சாக்கடைக்குச் சென்றது. தமக்கையார் மனையின் மேல்மண்ணைச் சுரண்டி அகற்றச் செய்தார். கமண்டல நாக நதி வற்றிக் கிடக்கும் கோடையில் வண்டலை மாட்டு வண்டியில் வரவழைத்துப் பரப்பினார். தொழுவெருவும் வேப்பம் பிண்ணாக்கும் இட்டார். முதலாண்டு விதைத்தவை மஞ்சளித்து மடிந்தன. அடுத்த ஆண்டும் அப்படியே. அவர் மீண்டும் வண்டல் பரப்பினார். ஒரு நாள் கொத்தவரை முளைத்துப் பச்சை மாறாமல் நின்றது. அன்று மாமா பட்டறையை அரைநாள் மூடிவிட்டு அச்செடியருகே முக்காலி போட்டு அமர்ந்திருந்தார் என்பது தெருவில் நெடுநாள் வழங்கிய கதை.

எழுபதுகளின் நடுவில் ஆரணியில் ஆசிரியப் பணி கிடைத்து, அவர்கள் இல்லத்திலேயே நான் தங்கினேன். அப்போது அத்தோட்டம் அதன் முழு இளமையில் இருந்தது. ஆடி பிறந்தால் அவரையும் புடலும் பீர்க்கும் பரங்கியும் ஊன்றப்படும். ஐப்பசி மழையில் பந்தல் கனக்கும். மார்கழிப் பனியில் அவரை கொத்துக் கொத்தாய்க் காய்க்கும். தைப் பொங்கலுக்குப் பரங்கிக்காய் எங்கள் தெருவில் எவரும் கடையில் வாங்கியதில்லை. கோடையில் கீரையும் வெள்ளரியும். இவற்றுக்கெல்லாம் இடையே கொய்யாவும் மாதுளையும் பப்பாளியும் தத்தம் விருப்பம்போல் காய்த்தன.

புடலங்காய் நேராக நீள்வதற்கு நுனியில் கல் கட்டுவது யாவரும் அறிந்த வழக்கம். கட்டும் கயிறுதான் எங்கள் வீட்டில் வேறு. பட்டறையில் கழிந்த பட்டு நூலைத் திரித்து அவர் கட்டினார். அரக்கும் மாம்பழ மஞ்சளும் மயில்கழுத்து நிறமுமாகப் பந்தலின்கீழ்ப் புடலங்காய்கள் தொங்கும். பார்க்க வந்த நெசவாளப் பெண்டிர், "அக்கா, நாள் முழுக்க தறியில ஒக்காந்துகினு நாங்க நூல்பொடவ கட்றோம். உங்க பொடலங்கா பட்டு கட்டிகினு நிக்குது" என்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே, "அதுக்கு இன்னும் கல்யாணம் ஆவல, அதான்" என்பார்.

பிஞ்சைச் சுட்டுவிரலால் காட்டினால் வெம்பிவிடும் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. மடக்கிய விரல் மூட்டால்தான் காட்டவேண்டும். தலைமையாசிரியரே வந்தாலும் விதிவிலக்கு இல்லை. அவரும் ஒருமுறை வந்து, விரலை மடக்கிக்கொண்டுதான் கொய்யாப் பிஞ்சைக் காட்டினார்.

முதற்காய் வீட்டில் உலையேறாது, தெருவுக்குத்தான் போகும். கருவுற்ற பெண் எந்த வீட்டில் இருக்கிறாளோ அவ்வீட்டுக்கு முதலுரிமை. எதிர்வீட்டுக் கன்னியம்மாளின் மகள் மல்லிகா தலைப்பேற்றுக்குத் தாய்வீடு வந்திருந்த ஆண்டில், அவளுடைய வளைகாப்புக்கு வேண்டிய காய்கறி அனைத்தையும் தாமே தருவதாகத் தமக்கையார் வாக்களித்திருந்தார். ஆடியிலேயே அந்நாளைக் கணக்கிட்டு விதைத்தார். எந்தப் பாத்தியைக் கேட்டாலும், "அது மல்லிகாவுக்கு" என்பார்.

அவ்வாண்டுதான் செய்யாற்றுச் சந்தையில் உறவினர் ஒருவர் வாங்கித் தந்த செங்கீரை விதையையும் முதன்முறையாக விதைத்திருந்தார். எங்கள் தெரு அதுவரை பச்சைத் தண்டுக்கீரையே அறியும். இது இலையும் தண்டும் குருதிச் சிவப்பு. முதல் அறுவடையை மல்லிகாவுக்கு அனுப்பினார். கீரையைக் கடைந்து சோற்றில் இட்டதும் சோறு முழுவதும் சிவந்துபோயிற்று. கன்னியம்மாள் இலையைப் பார்த்தாள். பிறகு எதிர்வீட்டுச் சாயப் பட்டறையைப் பார்த்தாள்.

பிற ஊரில் இதைக் கண்டவர்கள் கீரையின் நிறம் என்றே கொண்டிருப்பார்கள். சாயத்தோடு புழங்கும் எங்கள் தெருவிலோ நிறம் என்றால் அது தொட்டியிலிருந்துதான் வரவேண்டும். அம்மனையில் முன்பு சாயநீர் கொட்டியதை முதியவர்கள் நினைவுபடுத்தினார்கள். பொழுது சாய்வதற்குள் தெரு முழுவதும் செய்தி பரவிவிட்டது. கத்தரிக்காய் ஏன் அவ்வளவு ஊதா என்பதற்கும் அன்றே விளக்கம் பிறந்தது.

மறுநாள் காலை, முன்னர்க் கொடுத்திருந்த பரங்கிக்காயும் அவரைக்காயும் கூடையோடு எங்கள் வாயிலில் இருந்தன. கன்னியம்மாள் தெருவின் நடுவிலேயே நின்றாள். "தப்பா நெனைக்காதீங்கக்கா. வயித்துப் புள்ளக்காரி. வளைகாப்புக்கு நாங்க கடையிலயே வாங்கிக்கறோம்" என்றாள். குரலில் சினம் இல்லை; அச்சமே இருந்தது. அடுத்தடுத்து இன்னும் இரு வீட்டார் கூடையைத் திருப்பினர்.

தமக்கையார் அவற்றை உள்ளே எடுத்து வைத்துவிட்டு, தோட்டத்தில் மல்லிகாவின் பாத்திகளுக்கு நடுவே நெடுநேரம் நின்றார். "கீரை வேணாம்னா வேணாம். என் மண்ண சொல்றாங்களே" என்று மட்டும் கூறினார். காய்களைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு அவரால் இருக்க முடியாது என்பதை நாங்கள் அறிவோம். வளைகாப்புக்கோ நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

மாமாவுக்கு வேறொரு வருத்தம். "என் செவப்பு சோத்துல கரையுதுன்னு சொல்றாங்களா? நான் போட்ட செவப்பு எந்தத் தண்ணியிலடி போயிருக்குது?" என்று பொருமினார்.

அச்சொல்லைக் கேட்ட தமக்கையார் நிமிர்ந்தார். "அதத்தான் காட்டணும்" என்றார்.

எங்கள் தெருவில் காலையில் பாவு விரிப்பார்கள். தறியில் ஏற்றவேண்டிய நெடுக்கு நூலைத் தெருநீளம் இழுத்துக் கட்டிச் சீர்செய்யும் வேலை அது; அவ்வேளையில் வீட்டுக்கு ஒருவராவது வெளியே இருப்பர். தமக்கையார் கொதிக்கக் கொதிக்கச் செங்கீரை அவித்த சாற்றை ஒரு குண்டானில் கொணர்ந்து தெருவில் வைத்தார். அருகில் ஒரு வாளியில் சவுக்கார நீர்.

"கன்னிம்மா, உங்க வூட்டு வெள்ளப் பட்டுல கொஞ்சம் எடுத்தா. எங்க வூட்டு நூலுன்னா அதுலயும் இன்னாவோ இருக்குதுன்னுவீங்க."

சாயம் ஏறாத வெள்ளைப் பட்டு நூலைக் கன்னியம்மாள் தயங்கித் தயங்கிக் கொணர்ந்தாள். தமக்கையார் அதைச் சாற்றில் அமிழ்த்தினார். நூல் சிவந்தது. கூட்டத்தில் ஒருவர், "பாத்தியா" என்றார். மாமா தம் பட்டறையில் தோய்த்த சிவப்பு நூல் ஒன்றையும் கொணர்ந்து பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன.

"நான் அலசினா நம்ப மாட்டீங்க. நீயே அலசு" என்றார் தமக்கையார்.

கன்னியம்மாள் இரு நூலையும் வாளியில் இட்டுக் கசக்கினாள். பாவு விரித்துக்கொண்டிருந்தவர்களும் இழைகளை விட்டுவிட்டு வந்து சூழ்ந்துகொண்டார்கள். அவள் கையை வெளியே எடுத்தபோது, மாமாவின் நூல் செக்கச் சிவப்பாக நின்றது. அவள் வீட்டு நூலோ வெண்மைக்கே திரும்பியிருந்தது.

அதன்மேல் விளக்கம் எவருக்கும் தேவைப்படவில்லை. அத்தெருவில் பட்டின் இயல்பை அறியாதவர் இல்லை. பாவு விரித்த முதியவர் ஒருவர் மட்டும், "சாயமா இருந்தா பட்ட வுட்டுப் போவுமா? இது கீரதாம்மா" என்று தீர்ப்புக் கூறினார். கன்னியம்மாள் ஈர நூலைக் கையில் சுற்றியும் பிரித்தும் கொண்டிருந்தாள்.

"இன்னும் கீர இருக்குதாக்கா?"

"மல்லிகா பாத்திய நான் இன்னும் அறுக்கல" என்றார் தமக்கையார்.

"அப்ப என் செவப்பு நின்னதப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?" என்று மாமா கேட்க, தெருவே சிரித்தது.

வளைகாப்பன்று பலவகைச் சோற்றுடன் செங்கீரைச் சோறும் பரிமாறப்பட்டது. மல்லிகா அதை இருமுறை கேட்டு வாங்கி உண்டாள். தைத் திங்களில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்த குழந்தைக்கே உரிய செம்மையைக் கண்டு, "அக்கா, இது அலசினாலும் போவாது போலகீதே" என்று கன்னியம்மாளே கேலி பேசினாள்.

எண்பதுகளில் மழை பொய்த்த ஓராண்டு கிணறு வறண்டது. பட்டறைக்கே நீர் போதவில்லை. அப்போது தெருவார் அரிசி களைந்த நீரையும் குளித்த நீரையும் குடங்களில் கொணர்ந்து எங்கள் பாத்திகளில் ஊற்றினார்கள். முதற்குடம் கன்னியம்மாளுடையது. மாமா மறைந்து பட்டறை மூடிய பின்னரும் அத்தோட்டம் தளராமைக்கு அக்குடங்களே காரணம். தமக்கையாரும் அதை இறுதிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசி ஆண்டில் அவரால் குனிய இயலவில்லை. பின்கட்டு வாயிலில் நாற்காலியிட்டு அமர்ந்து, மடக்கிய விரலால் காட்டிக் காட்டி வேலை வாங்கினார். சென்ற ஆடியில் விதைப்பு முடிந்த வாரத்தில், "அவரைக்குப் பந்தக்கால் நட்டாச்சா?" என்று கேட்டு, நட்டாயிற்று என்று தம் மகள் சொன்னதைக் கேட்டுத் தலையசைத்தார். அன்று பிற்பகல் உறக்கத்திலேயே அமைதியுற்றார்.

பதினாறாம் நாள் சமையலை மல்லிகா தானே ஏற்றுக்கொண்டாள். அன்று எல்லார் இலையிலும் சோறு சிவந்திருந்தது. வெளியூரிலிருந்து வந்த பேரக்குழந்தை ஒன்று இலையை விலக்கி வைத்தது. மல்லிகா அருகில் அமர்ந்து, "சாயம் இல்லடா செல்லம், சாப்புடு. தெருவே அலசிப் பாத்தாச்சு" என்றாள். முதியவர்கள் உண்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். துயர வீட்டில் அவ்வளவு பெரிய சிரிப்பை நான் கேட்டதில்லை.

நோயுற்ற நாளில் இல்லம் தேடி வந்து பார்த்த மருத்துவர்க்கும், இரவும் பகலும் உடனிருந்த தெருப் பெண்டிர்க்கும், பந்தலிட்ட இளைஞர்க்கும், இன்றளவும் அப்பாத்திகளுக்கு நீர் ஊற்றிவரும் மல்லிகாவுக்கும் அவள் மகளுக்கும் எம் குடும்பத்தார் என்றும் கடப்பாடுடையோம்.

இம்மலரோடு சிறு பொட்டலம் ஒன்று இணைத்துள்ளோம். தமக்கையாரின் பாத்தியில் இவ்வாண்டு விளைந்த செங்கீரை விதை அது. நல்ல மண்ணில் தூவி, பூவாளியால் நீர் தெளியுங்கள். முளை கண்டதும் சுட்டுவிரல் நீட்டாதீர்கள். முதல் அறுவடையை அடுத்த வீட்டுக்கு அனுப்புங்கள். சோறு சிவக்கும், அஞ்சற்க.