டேஷ்போர்டோடு வந்து இறங்கினான் என் தம்பி!

இன்று காலை எட்டரை மணிக்கு, பட்டாபிராமில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது.

இறங்கியவன் என் தம்பி குமரேசன். கையில் பெட்ஷீட் சுற்றிய டேஷ்போர்டு!

(ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மா அதைக் கீபோர்டு என்று நினைத்து, "எங்கப்பா கச்சேரி?" என்று கேட்டார்களாம்.)

நானும் அவனும் பேசி இரண்டு வருடம் ஆகிறது.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினோம். சிவப்பு நிறம், இரண்டே சீட், ஐம்பது வயதுக்கு மேல். இஞ்சின் ஓடியது. உள்ளே மட்டும் எல்லாம் மக்கிப்போயிருந்ததால் மொத்தத்தையும் கழற்றினோம்.

அப்போதுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். தம்பியைக் கேட்காமல், செல்போன் சார்ஜர் மாட்டுவதற்காக, டேஷ்போர்டின் மரப்பலகையில் டிரில் போட்டு ஓட்டை போட்டுவிட்டேன்.

நட்டநடுவில்!

"இன்னாக்கா பண்ணி வெச்சிருக்க? அம்பது வருசமா ஒரு கீறல் இல்லாம இருந்த பலக! உனக்கெல்லாம் இந்தக் காரு எதுக்கு?"

"எனக்கும் பாதி பங்கு கீது. என் பாதியிலதான் ஓட்ட போட்டேன்" என்றேன்.

(வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.)

பலகையைத் தூக்கிக்கொண்டு திருமுல்லைவாயிலில் இருக்கும் தன் வீட்டுக்குப் போனவன்தான். அதன்பிறகு பொங்கலுக்கும் வரவில்லை. என் பிறந்தநாளுக்கு ஒரு ஃபோன்கூட இல்லை. எங்கள் வீட்டு ஷெட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கார் என் முகத்தைப் பார்ப்பது போலவே இருக்கும். சீட் இரண்டுக்கும் புது லெதர் போட்டு வீட்டு ஹாலில் வைத்திருந்தேன். அதில் உட்கார்ந்துதான் என் வீட்டுக்காரர் சேகர் இத்தனை நாளும் கிரிக்கெட் பார்த்தார்.

இன்று அவன் வருவதற்குப் பத்து நிமிடம் முன்னால் அவன் மனைவி மேரி ஃபோன் செய்தாள்.

"அக்கா, அவரு வந்துகினு கீறாரு. இன்னிக்கி அத மாட்டாம ஊட்டுக்குள்ள வராதன்னு சொல்லிட்டேன். நீங்க எதுவும் பழசு பேசாதீங்க!"

சரி என்றேன். கேட்டைத் திறந்தேன். அவன் நேராக ஷெட்டுக்குப் போய் பெட்ஷீட்டைப் பிரித்தான்.

பலகை முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளத்தது. மீட்டர்களையெல்லாம் துடைத்து வரிசையாக மாட்டியிருந்தான். நான் போட்ட ஓட்டையைத் தேடினேன். அந்த இடத்தில் குட்டியாக ஒரு வட்டக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது!

"ஓட்டைக்கி ஏத்த கடிகாரம் கெடைக்கல. அதான் ஓட்டைய இன்னும் பெருசாக்கிட்டேன்" என்றான், பலகையைப் பார்த்துக்கொண்டே.

"நீயும் டிரில் போட்டியா?"

"நீ போட்டது அர இஞ்சு தள்ளி இருந்துச்சு. வேற இன்னா பண்றது?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவனுக்கும்தான். அடக்கிக்கொண்டான்.

"எப்படா முடிச்ச இத?"

"போன தீபாவளிக்கி முன்னாடியே."

"அப்புறம்?"

"எப்டி வர்றதுன்னு தெரியல, அக்கா."

"கேக்காம போட்டது தப்புதான்டா" என்று சொல்லி ஸ்பேனரை அவன் கையில் கொடுத்தேன். அவன் வாங்கிக்கொண்டான். அவ்வளவுதான் எங்கள் சமாதானம்!

பலகையைத் தூக்கி வைத்து, ஒயர்களைச் செருகி, ஆறு போல்ட்டையும் முறுக்கிக் கைதட்டினோம். குனிந்து பார்த்தால் கீழே கறுப்பாக ஒரு கேபிள் தொங்குகிறது. ஸ்பீடோமீட்டர் கேபிள்! அதை மாட்டிய பிறகுதான் பலகையையே ஏற்றியிருக்க வேண்டும்.

ஆறு போல்ட்டையும் மறுபடி கழற்றினோம். தரையில் மல்லாக்கப் படுத்து ஆளுக்கொரு பக்கம் கையை விட்டோம்.

"உன் கைய எட்றா."

"அது உன் கைதான், அக்கா!"

சேகர் டீயோடு வந்து நின்றார். "நாலு காலு மட்டும்தான் தெரியுது. உள்ள சண்டயா, வேலயா?"

"ரெண்டும்தான்!" என்றோம் ஒரே குரலில். இரண்டு வருடத்தில் நாங்கள் சேர்ந்து சொன்ன முதல் வார்த்தை அது.

மதியம் சுவிட்சைப் போட்டால் அடுத்த கூத்து. இண்டிகேட்டர் விட்டுவிட்டு எரியும்போதெல்லாம் பெட்ரோல் முள்ளும் கூடவே ஆடியது. ஹெட்லைட்டைப் போட்டால் மீட்டர் லைட் மங்கியது. தம்பியின் முகம் வாடிவிட்டது.

"புது ஒயரு மொத்தமும் போச்சா?"

"இருடா" என்று எர்த் ஒயரை மாட்டிய இடத்தைப் பார்த்தேன். பெயிண்ட் மேலேயே முறுக்கியிருந்தோம்; இரும்பைத் தொடாமல் கரண்ட் எப்படிப் போகும்! உப்புத்தாள் எடுத்து அங்கே மட்டும் பெயிண்டைச் சுரண்டிவிட்டு மறுபடி முறுக்கினேன். முள் நின்ற இடத்தில் நின்றது. அவன் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். (எனக்கு நாற்பத்தொரு வயது. அவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.)

பிறகு கார்பெட், கதவுகளின் உள்பக்கம் டோர் பேடு. கடைசியாக சீட். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து மேட்ச் பார்த்துக்கொண்டிருந்த சேகர், "இந்த ஓவர் முடியட்டும்" என்றார். அவரைச் சாய்த்துக் கீழே தள்ளிவிட்டு சீட்டைத் தூக்கி வந்தோம்.

நாலரை மணிக்கு மேரி வந்து சேர்ந்தாள். ஆவடியில் ஸ்கூல் வேன் ஓட்டுபவள். சாவியைத் திருப்பினேன். இஞ்சின் பிடித்தது! மீட்டர்கள் எல்லாம் உயிரோடு எழுந்தன. நால்வரும் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு மாடியிலிருந்து மூன்று தலைகள் எட்டிப் பார்த்தன.

நான் இறங்கியதும், முதல் ரவுண்டு யாருக்கு என்று நானும் தம்பியும் விட்டுக்கொடுக்க ஆரம்பித்தோம்.

"நீ போக்கா."

"இல்லடா, நீ போ."

"நீ மூத்தவ."

"நீதானடா இவ்ளோ வேல பாத்த."

நாங்கள் இப்படி உருகிக்கொண்டிருந்தபோது மேரி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். பக்கத்து சீட்டில் சேகர் ஏறினார். கதவு சாத்திக்கொண்டது. கார் போய்விட்டது!

முக்கால் மணி நேரம் ஆகிறது. இரண்டு பேருமே ஃபோனை எடுக்கவில்லை.

பட்டாபிராம் வழியாகப் போகும் சி.டி.எச். ரோட்டில் யாராவது சின்னதாக ஒரு சிவப்புக் காரைப் பார்த்தால், அதில் சிரித்துக்கொண்டு போகும் இரண்டு பேரையும் தயவுசெய்து வீட்டுக்கு விரட்டிவிடுங்கள். அக்காவும் தம்பியும் கேட்டில் நிற்கிறோம்!