குட்டைச் சங்கிலி

தம்பி புது ஹெல்மெட்டோடு வீட்டுக்குள் நுழைந்தான். கல்யாண மாப்பிள்ளை மாதிரி, அதைத் தலையிலிருந்து கழற்றாமலே சிரித்தான்.

"எங்க ஃபேக்டரி கேன்டீன் வாசல்ல கடை போட்டிருந்தாங்கக்கா. கண்ணாடி உள்ள ஒட்டிக்கீற ஃபிலிம் உங்க கம்பெனிது. மூச்சு வுட்டுப் பாத்தேன், ஆவியே புடிக்கல!"

நான் ஒரகடத்தில் பிளாஸ்டிக் ஃபிலிம் தயாரிக்கும் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் இருக்கிறேன். ஹெல்மெட்டுக்குப் போகும் அந்த ஃபிலிம் பார்வைக்கு ஒற்றைத் தாள். உண்மையில் பல அடுக்கு. அதில் ஓர் அடுக்கு தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. பரப்பிய இடத்திலேயே அதை நிற்க வைப்பது பிளாஸ்டிக்கின் மூலக்கூறுகளான பாலிமர் சங்கிலிகளின் நீளம்தான். நீளமான சங்கிலிகள் இடியாப்பம் போல ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். ஒரு முனையைத் தூக்கினால் மொத்தமும் கூடவே வரும். குட்டையானால் நொறுங்கிய சேமியாதான், பிடிப்பே இருக்காது. சூடு ஏற ஏற அந்த அடுக்கு மெல்ல நகர்ந்து, ஓட்டை விழுந்து, துளித்துளியாகச் சுருண்டுகொள்ளும்.

சில வாரங்களுக்கு முன்பு மூலப்பொருள் லாரி வந்து சேரவில்லை. ஆர்டரோ தலைக்கு மேல். வெட்டிய ஓரங்களை அரைத்து மறுபடி உருக்குவது எங்கள் தொழிலில் உள்ள வழக்கம்தான். தடித்த அடுக்கில் போட்டால் பாதகமில்லை. ஆனால் ஒவ்வொரு முறை உருக்கும்போதும் சங்கிலி அறுந்து குட்டையாகும். அந்தக் கழிவைக் கொண்டுபோய் மெல்லிய அடுக்கிலேயே கொட்டினார்கள், புண்ணியவான்கள். உருக்கிச் சிறு துளை வழியே விடும் சோதனையில், தேன் மாதிரி இறங்க வேண்டியது ரசம் மாதிரி ஓடியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே மேனேஜரிடம் போய்க் கத்தினேன்.

"ஃபிலிம் டெஸ்ட்ல பாஸாயிடுச்சு மேடம். ஓவன்ல ஒரு மணி நேரம், அவ்ளோதான் ரூல். நாள் கணக்கா வெச்சா இட்லிகூடத்தான் காஞ்சுபூடும்" என்றார்.

"காலைல மாட்டின ஹெல்மெட் சாயங்காலம் வரைக்கும் பைக் கண்ணாடியிலயே வெயில்ல தொங்குது சார். இந்த ஒரகடத்துல எவன் அதைக் கூடவே உள்ள எடுத்துனு போறான்?"

அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். சரக்கு கிளம்பிப் போய்விட்டது.

இப்போது அது என் தம்பி தலையில் இருந்தது. போடாதே என்றேன். "பளிங்கு மாதிரி கீதுக்கா, நீ சும்மா பயப்படுற" என்று காலையில் அதையே மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனான். சொன்னால் கேட்கிற பிள்ளையா அவன்?

அன்றைக்கே, அதே சரக்கில் எடுத்து வைத்திருந்த துண்டு ஒன்றை ஓவனில் போட்டு வைத்தேன். மேனேஜரிடம் சொல்லவில்லை, சொன்னால் மட்டும் என்ன கிழித்துவிடப் போகிறார்? முதலில் தெளிவாகவே இருந்தது. ஆனால் வாரக் கடைசியில் எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தால், முழுக்க அம்மைத் தழும்பு. வெளிச்சம் முள் முள்ளாகச் சிதறியது. எதிரே வரும் கன்டெய்னர் லாரியின் ஹெட்லைட் இதில் விழுந்தால், பக்கத்தில் போகிற ஆள் இருப்பதே தெரியாது. தம்பிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை; ஃபேக்டரி லைனில் நிற்கும்போது அவன் போன் லாக்கரில் கிடக்கும். ஷேர் ஆட்டோ பிடித்துப் படப்பையிலிருக்கும் வீட்டுக்கு ஓடினேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்து சேர்ந்தான். எனக்கு உயிரே வந்தது.

"லைட்டெல்லாம் பூப்பூவா விரியுதுக்கா. கண்ணாடியத் தூக்கினு வந்தேன், ஒரே தூசி" என்று கண்ணைக் கசக்கினான்.

காய் நறுக்கும் கத்தியை எடுத்து அந்த ஃபிலிமை உரித்துப் போட்டேன். அவன் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு அவன் முகம் மாறியது.

"அப்போ மத்தவங்க?"

"எந்த மத்தவங்கடா?"

"எங்க லைன்ல எல்லாருமே வாங்கினாங்கக்கா. எங்கக்கா கை வெக்காம ஒரு துண்டுகூட வெளிய போவாதுன்னு நாந்தான் சொன்னேன்."

வாயில் வந்தபடி திட்டினேன். அவனையா, மேனேஜரையா என்று எனக்கே தெரியவில்லை. பிறகு ஆளுக்கொரு போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். எடுத்தவர்களிடமெல்லாம் ஒரே சேதி: கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஓட்டு. சிலர் சிரித்தார்கள். ஒருவன், "ஆமாக்கா, எனக்கும் ஒரு மாதிரி மங்கலாத்தான் கீது" என்றான். அவர்களில் பென்னலூரிலிருந்து வேலைக்கு வரும் பையன் மட்டும் எடுக்கவில்லை. நான் விடாமல் அடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அந்தப் போனை யாரோ எடுத்தார்கள். லாரி ஹாரன்களும் ஆட்களின் கூச்சலும் கேட்டன.

"யாரும்மா பேசறது? இந்தப் பையனுக்கு நீ இன்னா ஒறவு?"

தம்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா" என்றேன்.