இன்னும் ஒரு இழுப்பு

கீழ்வீட்டுக்காரர் குழாயை மூடிவிட்டு இன்னொரு முறை திருகுவார். பாட்டில் மூடியும் அப்படித்தான். அதைத் தூக்கிக்கொண்டு அவர் மனைவி மாடிக்கு என்னிடம் வருவார். “உங்க ஃப்ரெண்டு மூடினது, நீங்களே திறங்கண்ணா.”

அவர் தண்ணீர்க் குழாய் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். “கசிஞ்சா இறுக்கு. வேற வேதாந்தம் கிடையாது சார்” என்பார்.

அவர் மகள் சலவைத் துணிகளை வாங்கிக் கொண்டுசேர்க்கும் தொழில் செய்கிறாள். பழைய வேன் ஒன்றுதான் அவள் முதல். அதன் பின் அச்சு நடுவில், சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலின் முன்வாயில் எண்ணெய் கசிந்தது. “ஒரு சீல் மாத்த ஒர்க்ஷாப்பா? அப்பன் எதுக்கு இருக்கேன்?” என்று அட்டையை விரித்து வேனுக்கடியில் படுத்துவிட்டார்.

வேலை சுத்தம். கழற்றுமுன், சீலுக்கு முன்னால் இருந்த பெரிய நட்டு நின்ற இடத்தை வெள்ளை பெயிண்டால் கோடிட்டுக்கொண்டார். எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையமான பழைய சீலை நெம்பி எடுத்தார். புதியதன் விளிம்பில் எண்ணெய் தடவி, மரக்கட்டை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்கினார். நட்டு மறுபடியும் கோட்டில் வந்து நின்றது. அத்தோடு விட்டிருக்கலாம். ஸ்பேனர் பிடியில் நீளக் குழாய் ஒன்றைச் செருகி, இன்னும் ஒரு இழுப்பு இழுத்தார்.

தண்ணீர்க் குழாய்க்கு அது சரி. இந்த நட்டைக் கூடுதலாக இறுக்கினால் உள்ளே பேரிங் நெரிபடும்.

“வண்டி ஊளையிடுதுப்பா” என்றாள் மகள், மறுநாளே.

“புது சீலும்மா. பழகிடும்.”

பழகவில்லை. ஒரு விடுதியின் துணிமூட்டைகளோடு வேன் நடுரோட்டில் நின்றது. விடுதிக்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். அவளுடைய பெரிய வாடிக்கை அதுதான். வண்டியைக் கயிறு கட்டி இழுத்துவந்து வாசலில் நிறுத்தினார்கள்.

“கோடு போட்டீங்களே?” என்று கேட்டேன்.

“கோட்டுல நட்டு நின்னுச்சு சார். என் கைதான் நிக்கல.”

இரண்டு நாள் கழித்து ஒர்க்ஷாப்பிலிருந்து இழுவை வண்டி வந்தது. மகள் கத்தவில்லை. “இனிமே அங்கயே விட்டுடறேன்பா. உங்களுக்கும் முதுகுவலி மிச்சம்” என்று அவர் காலரைச் சரிசெய்துவிட்டு ஏறிக்கொண்டாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பார்.

வேன் நின்றிருந்த இடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சிமெண்டுத் தரையை உள்ளங்கையால் அழுத்தித் தடவினார். பிறகு, ஒரு பொட்டு எண்ணெய்கூட ஒட்டாத அந்தக் கையை என் பக்கம் விரித்துக் காட்டினார்.